வௌவாலுக்கு மட்டும் கேட்ட அப்பா

ஜூன் 4

பயணிகளின் கனிவான கவனத்திற்கு!

நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலமாகச் சொட்டுச் சேவை ஆற்றிவந்த குழாய், இன்று காலை முதல் தன் இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. இதனால் ஏற்பட்டிருக்கும் அமைதிக்கு நிர்வாகம் வருந்துகிறது.

என்ன அக்கா செய்வது, பேருந்து நிலைய அறிவிப்பாளரின் மகன் வேறு எப்படித்தான் கடிதம் தொடங்குவான்? நீ போனபிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அப்பாவுக்குத் தெரியாது. முகவரியை அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து சுட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "நான் ஒண்ணும் பாக்கலைப்பா" என்று சொல்லிவிட்டுத் தபால்தலையைத் தானே ஒட்டிக்கொடுத்தாள். பதில் போட்டால் வீட்டுக்குப் போடாதே. நிலையத்துப் பார்சல் ஆபீஸ் மாமா பெயருக்குப் போடு. ஆள் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் பல்செட் விழுந்துவிடும்.

இப்போது முக்கியச் செய்தி. அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே போன வாரம் மைக்கைப் பிடித்தவன் நான்! ஏழாம் நடைமேடையில் நின்ற பேருந்தை, அப்பா குரலிலேயே, "மூன்றாம் நடைமேடைக்கு வரவும்" என்றேன். வந்துவிட்டது! ஓட்டுநருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அம்மாவே ஏமாறும் அளவுக்கு எனக்கு அப்பா குரல் அச்சாக வருகிறது. ஒரு நாள் நாடே என்னைக் காதால் பார்க்கும்.

நீ ஆராய்ச்சி செய்யும் வௌவால் மீன் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள். தூண்டிலா, வலையா? மீனுக்கே தண்ணி காட்டும் ஆள் என்றால் எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. விவரமாக எழுது.

வௌவாலில் பாதியான,
வாலு


ஜூன் 13

வாலு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழாய்ச் செய்தியை மட்டும் நான்கு முறை.

இங்கே போன் எடுக்காது. ஏரிக்கரையில் தகரக்கூரை போட்ட இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர், ஒரு படகுத்துறை. வாரம் ஒருமுறை படகு வரும். அரிசியும் டீசலும் தபாலும் அதில்தான். காற்றடித்தால் அதுவும் கிடையாது.

வௌவால் கேட்டாயே. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, காலும் நகமும்தான். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய பாதம் அதற்கு. இருட்டும் நேரத்தில் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்துகொண்டே கத்தும். அந்தக் கத்தல் நம் காதுக்கு எட்டாத அளவு உச்சத்தில் இருக்கும். சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் சத்தம் தண்ணீருக்குள் இறங்காது. ஏரி அசையாமல் கிடந்தால், சாய்த்து வைத்த கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போல் அது அப்பால் தெறித்துப் போய்விடும். கீழே ஆயிரம் மீன் இருந்தாலும் வௌவாலைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு மீன் மேலே வந்து நீரைக் கொஞ்சம் கலக்கினால்தான், அந்தச் சின்னச் சுழிப்பில் பட்டு எதிரொலி திரும்பும். உடனே கத்தல் வேகமாகும். நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேகமாகும். அப்புறம் கால் நீருக்குள் போகும். கொக்கிபோல.

அப்பாவுக்குத் தொண்டை கட்டினால் வெந்நீர் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

வாசலில் நின்று அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "இனிமே என் வாயிலேருந்து உனக்கு ஒரு வார்த்தை வராது." நிலைய அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்க எத்தனை பேர் முன்னால் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். அந்த நேர்முகத் தேர்வு நாளன்றே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். அந்தப் பேருந்து கிளம்புவதை ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அவர்தான். குரல் நடுங்கவே இல்லை. வழக்கமான அதே குரல்.

என்னைப் பற்றி அவர் கேட்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 22

மாண்புமிகு வௌவாலக்காவுக்கு,

பார்சல் ஆபீஸ் மாமா உன் கடிதத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துத் தந்தார். உளவுத்துறைக்குப் போகவேண்டிய மனுஷன்.

உன் வௌவால் விவகாரம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. 'தன் குரலைத் தானே கேட்டு வயிறு வளர்க்கும் உயிர் எது?' என்று விடுகதை போட்டேன். எங்கள் தலைமையாசிரியர் என்று பின்பெஞ்சு பதில் சொன்னது. தண்டனை எனக்கு.

ஒரு விண்ணப்பம். வௌவால் சத்தம் பதியும் கருவி உன்னிடம் கூடுதலாக ஒன்று இருக்குமா? பள்ளியில் பறவைக் குரல்களைப் பதிந்துவரச் சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் வேண்டும். ரொம்பச் சீக்கிரம். பறவைகள் பறந்துவிடும் அல்லவா.

அப்பா நலம். விடுப்பில் இருக்கிறார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அம்மாவும் நலம். மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் மெஷின் ஓடும் சத்தம் வரவில்லை. நூல் தீர்ந்திருக்கும். நானும் நலம். எல்லோரும் நலமோ நலம்.

வாலு


ஜூலை 1

வாலு,

நேற்றுச் சாயங்காலம் உன் நினைவாக ஒரு குறும்பு செய்தேன். வௌவால் வரும் வழியில் தண்ணீரில் ஒரு கூழாங்கல் போட்டேன். நீர் கலங்கிய இடத்தில் அது பாய்ந்து காலால் கீறியது. ஒன்றும் இல்லை. மறுபடி கல். மறுபடி பாய்ச்சல். படகுக்காரர் சிரித்தார்: "பாவம்மா, அதைப் போய் ஏமாத்துறீங்களே." உனக்கு இந்த வேலை பிடிக்கும், ஏமாற்றுவதற்குச் சம்பளமே தருகிறார்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. கல்லை நிறுத்தினபிறகும், தண்ணீர் சலனமே இல்லாமல் கிடக்கும்போதும், முன்பு மீன் கிடைத்த இடங்களுக்கு அது திரும்பத் திரும்பப் போகும். நகத்தைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே பறக்கும். எதுவும் தட்டுப்படாவிட்டாலும்.

உன் கடிதத்தின் மேல் நானும் அப்படித்தான் பறந்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காத மனிதர் தொண்டைக்கட்டுக்கு விடுப்பு எடுப்பாரா? அம்மாவுக்கு நூல் தீருமா? ஒரே பத்தியில் இத்தனை 'நலம்' எதற்கு? நீ பறவையைத் திரும்பிப் பார்க்கிற ஆளா?

கருவியைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பழையது, கனமானது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதியும். மறுபடி அமுக்கினால் நிற்கும். வேறு எதையும் தொடாதே. எல்லாவற்றையும் நானே சரிசெய்து வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

இன்று அறிவிப்பு எதுவும் இல்லை.

தொண்டைக்கட்டு இல்லை அக்கா. கட்டி. கெட்ட கட்டி. குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் உயிருக்குப் பயமில்லையாம். ஆனால் பேச்சு வராது. அப்பா அவரிடம் கரகரவென்று கேட்டார்: "விடுமுறைக் கூட்டம் முடிஞ்சப்புறம் பண்ணலாமா சார்? இப்போ நிறைய சிறப்புப் பேருந்து விடுவாங்க." டாக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சிரிக்காத நகைச்சுவை உலகத்தில் அது ஒன்றுதான்.

இருபதாம் தேதி ஆபரேஷன்.

உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "அவகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன். அப்புறம் நினைச்சாலும் முடியாது." அவர் சொன்னார்: "சொன்னா சொன்னதுதான். நேரம் மாத்தி மாத்திச் சொன்னா எவன் நம்மளை நம்பி பஸ் ஏறுவான்?"

பறவைக் கதை பொய். கருவி அப்பாவுக்குத்தான். நேற்று வந்துசேர்ந்தது. குரல் இருக்கும்போதே பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கருவியைவிட நீ வருவது நல்லது. வா அக்கா. சமாதானம் பேச வேண்டாம். சண்டை போடவாவது வா. சண்டை என்றால் அவர் கட்டாயம் வாயைத் திறப்பார்.

இருபதுக்கு முன்னால் வந்துவிடு.

தம்பி


ஜூலை 23

பயணிகளின் கனிவான கவனத்திற்கு!

நீ வரவில்லை. பதிலும் வரவில்லை. உங்கள் பக்கம் மழை, படகை நிறுத்திவிட்டார்கள் என்று பார்சல் ஆபீஸ் மாமா விசாரித்துச் சொன்னார். ஆகவே கோபம் பாதி ரத்து செய்யப்படுகிறது.

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக முடிந்தது என்கிறார்கள். அப்பாவின் கழுத்தில் ஒரு துளை. மூச்சு அந்த வழியாகத்தான் வருகிறது. பேச வேண்டுமென்றால் ஒரு அட்டையில் எழுதிக்காட்டுகிறார். கையெழுத்து டாக்டரைவிட மோசம்.

ஆனால் நீ கவலையே படாதே! உன் தம்பி சாதித்துவிட்டான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கருவியை அப்பா கையில் கொடுத்து, பேச வைத்துவிட்டேன். உன்னிடம்தான் பேசியிருக்கிறார். சத்தியம் எல்லாம் காற்றோடு போயிற்று. அம்மாவால் முடியாததை, டாக்டரால் முடியாததை, நான் ஒரே சோடா பாட்டிலில் முடித்தேன். என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். உன் காதால் நீயே கேள். உள்ளே இருக்கும் சிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வார்டில் எல்லோரும் அழுதார்கள். நான் ஒரு துளிகூட அழவில்லை. நர்ஸ் அக்காவே, "கல்லுளிமங்கன்டா நீ" என்றார்.

சாதனையாளன்,
வாலு


ஆகஸ்ட் 6

தம்பி,

படகு நேற்றுத்தான் வந்தது. உன் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. நான் தேதியைப் பார்க்காமல் பின்னதை முதலில் பிரித்துவிட்டேன். அப்பாவுக்குக் குரல் போனது தெரிந்தபிறகுதான், குரல் போகப்போகிறது என்பதைப் படித்தேன்.

இங்கே மழை பெய்தபடி இருந்தது. மழையில் ஏரி முழுக்கச் சுழிப்புதான். எது மீன், எது துளி என்று வௌவாலுக்குத் தெரியாது. பசியோடு பொந்திலேயே கிடந்தது. நானும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, நீ ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

சிப்பைப் போட்டுக் கேட்டேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தக் கருவி மனிதக் குரலைப் பதியாது. ஜெனரேட்டர் இரைச்சல், படகு மோட்டார், எங்கள் பேச்சு எல்லாம் குறுக்கே வருகிறது என்று, நம் காதுக்கு எட்டும் ஒலியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வெளியே தள்ளும்படி அதில் வடிகட்டி வைத்திருந்தேன். வௌவாலின் உச்சக் குரலை மட்டும் உள்ளே விடும். அதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. பறவைக்கென்று நீ கேட்டபோதே மாற்றியிருக்க வேண்டும். நீ சொன்னது பொய் என்பதை மோப்பம் பிடிப்பதிலேயே மூழ்கி, கருவியை மறந்தேன். அதோடு, 'வேறு எதையும் தொடாதே' என்று வேறு எழுதினேன்.

சிப்பில் இரண்டு பதிவு இருக்கிறது. முதல் பதிவு நீளமானது. அதில் துணி அசையும் சத்தம், விரல் உரசும் சத்தம், அவ்வளவுதான். நீ பொத்தான் அமுங்கியது தெரியாமல் பையில் போட்டிருப்பாய். உரசலில் வௌவால் குரல் அளவு உச்ச ஒலி உண்டு; கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்களும் விரலைத்தான் உரசிப்பார்ப்போம். அதை ஒதுக்கிவிட்டேன். இரண்டாவதுதான் பேச்சு. 'ஸ' ஓசை வரும் இடங்களில் மட்டும், கணினியில் மெல்லிய கீறலாக ஏதோ தெரிகிறது. மற்றதெல்லாம் வெறுமை. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். காற்று கசிவதுபோல் இருக்கிறது. அந்தக் கீறல் 'சரி'யா, 'சண்டை'யா, 'சாப்பிட்டாயா'வா என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

சத்தியத்தை முறித்து அவர் கடைசியாகப் பேசியது எனக்காக. அதை அழித்தவள் நான். எந்த முகத்தோடு வந்து அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பேன்? "கேட்டியா?" என்று அட்டையில் எழுதிக்காட்டினால் என்ன சொல்வேன்?

இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிப் படகில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். நான் கேட்டுவிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடு. உனக்குப் பொய் சுலபமாக வரும்.

அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

கையெழுத்துப் போடாதே. முதலில் இதைப் படி. போட்டிருந்தால் படகுக்காரரிடமிருந்து பிடுங்கிக் கிழி. நான் தண்டம் கட்டுகிறேன்.

நீ எதையும் அழிக்கவில்லை. அந்த இரண்டாவது பதிவில் அப்பா இல்லை. அது நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பழக்கமில்லை, பொறுத்துக்கொள். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் கருவியை அவர் கையில் வைத்து, "அக்காவுக்கு ஏதாவது சொல்லுப்பா" என்றேன். "அவ மெஷினா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போய் ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சோடா வாங்கப் போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மைக்கைப் பிடிப்பதுபோலவே வாய்க்கு முன்னால் பிடித்திருந்தார். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறப்பார். மூடுவார். சட்டை நுனியை இழுத்து அதைத் துடைப்பார். மறுபடி வாயைத் திறப்பார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை வரவில்லை அக்கா. சத்தியத்தை முறிக்கவில்லை. கருவியைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்தாயே, அந்த முதல் பதிவு, அதுதான் அப்பா. உன் கருவி பதிந்தது சரிதான். அங்கே இருந்தது அவ்வளவுதான். அதை அழித்துவிடவில்லையே?

நான் உள்ளே போனதும் நீட்டினார். நான் பதிவை நிறுத்தின பிறகு சொன்னார்: "ஏரிக்கரைல இருக்கா. ஈரம் படாம வெச்சுக்கச் சொல்லு." அவ்வளவுதான். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து கூட்டிப்போய்விட்டார்கள்.

அதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எனக்குத்தான் போதவில்லை. ஈரம் படாமல் வைத்துக்கொள்வதெல்லாம் ஒரு அப்பா மகளுக்குச் சொல்லும் கடைசிச் சொல்லா என்று தோன்றியது. பெரியதாக ஏதாவது இருந்தால்தான் நீ வருவாய் என்று நினைத்து, ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நானே அப்பாவாகிப் பேசினேன். "மகளே, உன்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, சந்தோஷமாக இரு" என்று தொடங்கும் உரை. அப்பா என்றைக்கு உன்னை மகளே என்று கூப்பிட்டார்? பள்ளி நாடகத்தில் ராஜாகூட அப்படிப் பேசமாட்டான்.

நேற்று அவர் அட்டையில் ஏதோ எழுதிக் காட்டினார். கோழி கிறுக்கினதுபோல் இருந்தது; அம்மாதான் படித்தாள். 'படகு ஓடுதா?' என்று எழுதியிருந்தார். எந்தப் படகு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா, "ஓடுதுங்க" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார். வந்துவிடு அக்கா. அவர் என்ன கேட்டாலும், பதிலை நீயே சொல்லிக்கொள். இனி என் வாயை நம்பி யாரும் எதையும் ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் எழுதித் தொலைக்கிறேன். பேருந்து இடம் மாறியதும் பொய்தான். மைக்கில் நான் வாயைத் திறந்த உடனே ஓட்டுநர் இறங்கி அறிவிப்பு அறைக்கே வந்து, "தம்பி, அப்பாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு அப்பா குரல் வராது. படிக்கட்டுக்குக் கீழே நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் 'மகளே' என்ற இடத்திலேயே தொண்டை உடைந்து கீச்சென்று போயிற்று. ஐந்தாவது முறை முழுக்கப் பேசினேன். அது முழுக்க அழுகைதான். மூக்கை உறிஞ்சிய சத்தம்கூடப் பதிவாகியிருக்கும். 'ஸ' என்று நீ தேடியதில் பாதி அதுவாகத்தான் இருக்கும். 'சரி'யும் இல்லை, 'சண்டை'யும் இல்லை. தேடுவதை விட்டுவிடு.

தம்பி